மணிக்கட்டு ரேடியோக்காரி

டல்லாஸில் அதிபர் கென்னடி சுடப்பட்ட இடத்துக்கு நீங்கள் என்றைக்குப் போனாலும், யாராவது ஒருவன் ஓடிவந்து ஒரு மெல்லிய புத்தகத்தை உங்கள் கையில் திணிப்பான். அதன் நடுப்பக்கத்தில் ஒரு மங்கல் படம் இருக்கும். புல்வெளியில் ஒரு பெண் இடது கையை உயரத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். மணிக்கட்டில் கறுப்பாக எதுவோ புடைத்துக்கொண்டு தெரிகிறது. தலைக்கு மேலே ஒரு சிவப்பு அம்பு. அடியில் கொட்டை எழுத்தில் 'மணிக்கட்டு ரேடியோக்காரி' என்று போட்டிருக்கும். அதே படத்தின் ஓரத்தில், பூப்போட்ட சட்டைக் கைக்குள் ஒரு முழங்கை மட்டும் தெரியும். அந்த முழங்கை நான்தான்.

என் பெயர் ஜூவல் புரூயிட். என் முழங்கைக்கு யாரும் அம்பு போடவில்லை. வருஷக்கணக்காக அந்த ஆட்கள் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அந்தப் படத்தை மேய்கிறார்கள். பக்கத்தில் நின்றவள் யார், அவளைக் கூப்பிட்டுக் கேட்டால் என்ன என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. கேட்டால் நான் சொல்லிவிடுவேனே. சொல்லிவிட்டால் அப்புறம் புத்தகத்தை யார் வாங்குவார்கள்?

அம்புக்குக் கீழே நிற்பவள் என் சிநேகிதி ஒவீட்டா ஸ்ட்ரவுட். உலகத்திலேயே பெரிய கொலைக்கு ஜாடை காட்டியவள் என்று அவளைச் சொல்கிறார்கள். ஒவீட்டாவுக்கு ஜாடையாகப் பேசவே வராது. தேவாலயத்தில் முன் வரிசையில் இருப்பவளின் பாவாடை ஓரம் பிரிந்திருந்தால், பிரசங்கத்துக்கு நடுவிலேயே குனிந்து, "உன் ஓரம் தொங்குது, நில்லு" என்று சொல்லி ஊசியை எடுக்கிற ரகம். சவப்பெட்டிக்குள் கிடக்கிறவரின் காலரைச் சரி செய்துவிட்டுத்தான் அழ ஆரம்பிப்பாள். க்ரீன்வில் பக்கத்துப் பருத்திக் காட்டில் பிறந்து, பருத்தியைப் பறிப்பதைவிடத் தைப்பது மேல் என்று டல்லாஸுக்கு வந்தவள். எங்கள் உடுப்புப் பட்டறையில் என் பக்கத்து மெஷின். ஓரம் மடித்துத் தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அது 1963 நவம்பர், வெள்ளிக்கிழமை. ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று முதலாளி மதியம் எங்களை வெளியே விட்டார். பட்டறையிலிருந்து அந்தப் புல்வெளி கூப்பிடு தூரம். ஒவீட்டா மணிக்கட்டில் கட்டியிருந்த குண்டூசிப் பஞ்சைக் கழற்ற மறந்துவிட்டு ஓடிவந்தாள். குண்டூசிகளைக் குத்தி வைக்க, துணிக்குள் மரத்தூளை அடைத்து எலாஸ்டிக் வைத்த உருண்டை அது. வலது கையால் தைக்கிறவர்கள் இடது மணிக்கட்டில் கட்டிக்கொள்வோம். கட்டியிருப்பதே நினைவில் இருக்காது. நான் அதோடு ஒரு கல்யாணத்துக்கே போயிருக்கிறேன். புத்தகத்தில் எழுதியிருக்கிறான், 'இவள் இடது கைப் பழக்கம் உள்ளவள்' என்று. முதல் வரியே தப்பு.

கார்கள் மெதுவாகத் திரும்பின. அதிபரை அவள் பார்த்தாளா என்பதே எனக்குச் சந்தேகம். "ஐயோ ஜூவல், அதிபர் சம்சாரத்தோட சட்டைத் தோள்பட்டையைப் பாருடி. ஒரு சுருக்கம் இருக்கா பாரு!" என்று என்னை இடித்தாள். அடுத்த மூச்சில், "அடப்பாவி" என்றாள்.

எதிர்ப்பக்க நடைபாதையில் அவளுடைய ஒரே மகன் கிளேட்டன். பதினாறு வயசு. பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டியவன். அதுகூடப் பரவாயில்லை, தலையில் அப்பாவின் சாம்பல் நிறத் தொப்பி. எங்கள் ஊரில் ஒருவனுடைய காரைக் கேட்காமல் எடுத்துப் போனாலும் மன்னிப்பான். தொப்பியைத் தொட்டால் மன்னிக்கமாட்டான். அதுவும் ஒவீட்டாவின் புருஷன் ஹார்லன் பெல்ட்டைக் கழற்றுவதற்குக் காரணம் தேடுகிற ஆள். பையனுக்கு அந்தத் தொப்பி காது வரை இறங்கிக் கண்ணை மறைத்திருந்தது. காரோடு கூடவே ஓடலாம் என்று நினைத்தானோ என்னவோ, ஒரு காலைச் சாலையில் வைத்துவிட்டான். மோட்டார் சைக்கிள்கள் உறுமிக்கொண்டு வருகின்றன. ஒவீட்டா இடது கையை உயரத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினாள். நில்லு. அவன் நின்றான். காலைப் பின்னால் எடுத்தான். அப்போதுதான் வெடிச்சத்தம்.

இவ்வளவுதான் அந்த உலகப் புகழ்பெற்ற சிக்னல்.

புல்லில் குப்புற விழுந்தோம். எழுந்து பார்த்தபோது எதிர்ப்பக்கம் பையன் இல்லை. நாங்கள் பட்டறைக்குத் திரும்பிப் போய், அழுதுகொண்டே சாயங்காலம் வரை பொத்தான் வைத்தோம். வேறு என்ன செய்வது என்று முதலாளிக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. ஒவீட்டா வீட்டுக்குப் போனபோது தொப்பி பெட்டிக்குள் இருந்தது, அதன் மேல் யாருடைய செருப்புக் காலோ பதிந்திருந்தது. ஹார்லன் கண்ணில் படுவதற்குள் ஒவீட்டா அதை ஆவியில் காட்டி, தேய்த்து, பழையபடி ஆக்கி வைத்துவிட்டாள். பையன் வாயைத் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஊரே அழுதுகொண்டிருந்த நாளில் பிள்ளைக்கு அடி வாங்கிக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. மறுநாள் எனக்கு மட்டும் சொன்னாள்.

மூன்று வருஷம் கழித்து அரசாங்கமே கிளேட்டனைக் கூப்பிட்டது. வியட்நாமுக்கு அனுப்பினார்கள். கண்ணிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்துவிட்டு வந்தான். ராணுவம் கொடுத்த கட்டைக்காலை மாட்டினால் புண்ணாகிறது என்று கட்டிலுக்கு அடியில் எறிந்தான். ஒவீட்டா அவனுடைய கால்சட்டைகள் அத்தனையையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இடது காலை அளவாக மடித்து, உள்தையல் போட்டு, தைத்தது தெரியாமல் தைத்தாள். வெட்டவில்லை. ஏன் வெட்டவில்லை என்று நான் கேட்கவில்லை, கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. கையில் அதே குண்டூசிப் பஞ்சுதான்.

ஹார்லன் மாரடைப்பில் போனான். கிளேட்டன் அம்மாவோடு இருந்தான். அவனைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் அந்த மடித்த காலைப் பார்ப்பார்கள். அப்புறம் சட்டென்று வானத்தைப் பார்ப்பார்கள். அதைச் சகிக்கமுடியாமல் அவன் வீட்டைவிட்டு வெளியே போவதையே நிறுத்தியிருந்தான். அந்த நேரத்தில்தான் டாக்டர் ஃபிஸ்க் வந்து சேர்ந்தார்.

டாக்டர் என்றால் பல் டாக்டர். எக்ஸ்ரேயில் எங்கே நிழல் தெரிந்தாலும் சொத்தை என்று சொல்லிச் சொல்லிப் பழகிய மனுஷன். அந்தப் பழக்கத்தை அப்படியே கொலைக்குக் கொண்டுவந்துவிட்டார். புல்வெளிப் படங்களில் நிழல் தெரிந்த இடமெல்லாம் துப்பாக்கிக்காரன். ஒவ்வொரு நவம்பரிலும் நெடுஞ்சாலையோர ஹோட்டல் ஒன்றில் கூட்டம் போடுவார். நூறு ஆண்கள் வருவார்கள். இரண்டு பெண்கள் வருவார்கள், அவர்களும் புருஷனைத் தனியாக விட பயந்து வந்தவர்கள். ஒவ்வொருத்தனுக்கும் ஒரு கொலைகாரன். ஒருத்தனுடைய கொலைகாரனை இன்னொருத்தன் ஏற்றுக்கொள்ளமாட்டான். மாநாட்டில் அடிதடிவரை போயிருக்கிறது, சாக்கடை மூடிக்கு அடியில் ஒளிந்திருந்தவன் உயரமா குட்டையா என்று.

ஃபிஸ்கின் கதை இதுதான். கென்னடி சாவதற்கு முந்தின மாதம், வியட்நாமிலிருந்து ஆயிரம் பேரை வருஷக் கடைசிக்குள் திரும்பக் கூப்பிடச் சொல்லி உத்தரவு போட்டார். மீதிப் பேரையும் கூப்பிடப் போகிறார் என்று தெரிந்ததும், போரில் சம்பாதிக்க நினைத்தவர்கள் அவரைத் தீர்த்துவிட்டார்கள். உத்தரவு உண்மைதான், நானும் செய்தித்தாள் படிக்கிறவள். ஆனால் அங்கே ஆயிரத்துக்கும் குறைவாக இருந்த நம் ஆட்களைப் பதினாறாயிரம் ஆக்கியதும் அதே கென்னடிதான். அதைப் பற்றி ஃபிஸ்க் மூச்சு விடமாட்டார். கென்னடி உயிரோடு இருந்திருந்தால் எந்தக் கென்னடியாக இருந்திருப்பார் என்று அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. பல் டாக்டருக்குத் தெரிந்துவிட்டது.

கிளேட்டனுக்கு அந்தக் கதை வேண்டியிருந்தது. "அவர் இருந்திருந்தா நான் போயிருக்கவே மாட்டேன், சித்தி. என் கால் இருந்திருக்கும்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னான். நான் எதையும் யாரையும் நக்கலடிக்கிறவள். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த நவம்பரில் ஃபிஸ்க் அவனை மேடை ஏற்றினார். நேரில் பார்த்த சாட்சி, அதுவும் அந்தப் போரில் கால் போனவன். இதைவிட என்ன வேண்டும்? ஒவீட்டா பெருமையோடு ஒரு டப்பா கோழி வறுவல் எடுத்துக்கொண்டு என்னையும் இழுத்துப் போனாள். கிளேட்டன் பேசினான். "நான் ரோட்டைத் தாண்டப் போனேன். எதிர்ப்பக்கம் கூட்டத்துக்கு மேல ஒரு கை எழும்புச்சு. போலீஸ்காரன் நிறுத்தற மாதிரி. என்னவோ தெரியல, நான் நின்னுட்டேன். அடுத்த நொடி சுட்டாங்க. அந்தக் கைதான் சிக்னல். என் கண்ணால பாத்தேன்."

கூடம் எழுந்து நின்று கை தட்டியது. ஒவீட்டாவின் மடியிலிருந்த டப்பா நழுவிக் கீழே விழுந்தது.

காரில் திரும்பும்போது நான் கத்தினேன். "சொல்லித் தொலைடி! அது உன் கைன்னு சொல்லு!"

"சொல்லமாட்டேன்."

"ஏன்?"

"அவன் அங்க நின்னு பேசும்போது ஒரு பயலும் அவன் காலைப் பாக்கல, ஜூவல். மூஞ்சியைப் பாத்தாங்க. எத்தனை வருஷமாச்சு தெரியுமா? அதை நான் கெடுக்கவா?" சற்றுப் பொறுத்து, "இன்னொண்ணு. உனக்குத்தான்டா காட்டினேன்னு சொன்னா, அந்தப் பல்புடுங்கி என்ன பண்ணுவான்? சிக்னல் குடுத்தவ ஒருத்தி, வாங்கினவன் ஒருத்தன்னு என் புள்ளை தலைமேல அம்பு போடுவான். வாயைத் திறந்தே, உன்னோட பேசமாட்டேன்" என்றாள்.

பேசமாட்டாள்தான். அவளை எனக்குத் தெரியும். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

பத்து வருஷம் அப்படியே ஓடியது. பிறகு ஃபிஸ்க் எங்கிருந்தோ ஒரு பழைய படத்தையும், படத்தைப் பெரிதாக்குகிற புது மெஷினையும் பிடித்துக்கொண்டு வந்தார். அந்தக் கையும், கைக்குரியவளின் முகமும் ஒரு சுவர் அளவுக்கு விரிந்தன. இவள் யார் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. மேடையில் உட்கார்ந்திருந்த கிளேட்டனுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அவன்தான் பெயரைச் சொன்னான். சொந்த அம்மாவின் பெயரை.

அன்றிரவே வீட்டுக்கு வந்து வாசலில் நின்றபடி கேட்டான். "அந்தக் கை உன்னுதா?"

"என்னுதுதான்."

"யாருக்குக் காட்டினே?"

ஒவீட்டா கொஞ்சம் யோசித்தாள். பாவி, அவளுக்குப் பொய்கூடச் சொல்ல வரவில்லை. "சும்மாதான்" என்றாள்.

அவன் துணிமணிகளை அள்ளிக்கொண்டு போனான். பக்கத்து ஊரான கார்லண்டில் ஒரு அறை எடுத்துத் தங்கினான். இவள் தொலைபேசியில் கூப்பிட்டால் வைத்துவிடுவான். பிறந்தநாளுக்கு பீகன் பருப்புப் பலகாரம் செய்து அனுப்பினாள், பிரிக்காமலே திரும்பி வந்தது. விஷம் வைத்திருப்பாள் என்று எவனாவது ஓதியிருப்பான்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். ஃபிஸ்கின் ஆட்கள் இரண்டு பேர் ஒவீட்டாவின் வீட்டுக்கு எதிரில் காரை நிறுத்திக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். ஆகஸ்ட் வெயில். காருக்குள் வெந்துபோகிறார்களே என்று இவள் ஐஸ் போட்ட தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். குடித்தார்கள். கைரேகை எடுக்க வேண்டும் என்று ஒரு கண்ணாடி டம்ளரை பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப்போய்விட்டார்கள். ஒவீட்டாவுக்கு வந்த ஒரே கோபம் அதுதான். "அது செட்டுடி. ஆறுல ஒண்ணு போச்சு" என்று ஒரு வாரம் புலம்பினாள்.

ஃபிஸ்க் போடுகிற அந்த மெல்லிய புத்தகத்தின் புதுப் பதிப்பில் முழுக் கதையும் வந்தது. ஹார்லன் ஹெலிகாப்டர் ஆலையில் வேலை பார்த்தானாம். போர் நடந்தால் ஹெலிகாப்டர் விற்குமாம். அதனால் ஆலைக்காரர்கள் அவன் பெண்டாட்டியைப் பிடித்துச் சிக்னல் கொடுக்கச் சொன்னார்களாம். கூலியாக, அதே டிசம்பரில் அவர்கள் வீட்டுக்குப் புது ஃப்ரிட்ஜ் வந்ததாம். ஃப்ரிட்ஜுக்கும் ஒரு படம் போட்டு அம்பு போட்டிருந்தார்கள். ஹார்லன் ஹெலிகாப்டரின் வாலில் ஆணி அடிக்கிறவன். அந்த ஃப்ரிட்ஜைத் தவணையில் வாங்கிவிட்டு இரண்டு வருஷம் அவன் முனகியதை நான் காதால் கேட்டவள். அமெரிக்க அதிபரின் உயிருக்கு விலை, காய்கறி வைக்க இரண்டு இழுப்பறை உள்ள ஒரு ஃப்ரிட்ஜ்! கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரவேண்டாமா? ஃபிஸ்கின் ஆட்களில் ஒருத்தன்கூடச் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்கள்.

அந்த வருஷ மாநாட்டுக்கு ஃபிஸ்க் ஒவீட்டாவையே அழைத்தார். நேருக்கு நேர் விசாரணையாம்.

"போகாதே. கிழிச்சுத் தோரணம் கட்டிருவாங்க" என்றேன்.

"கிளேட்டன் மேடையில இருப்பானாம். பாத்து மூணு வருஷமாச்சுடி" என்றாள். நீல உடுப்பைத் தேய்த்துப் போட்டுக்கொண்டாள். இடது மணிக்கட்டில் குண்டூசிப் பஞ்சைக் கட்டிக்கொண்டாள். இதைப் பார்த்தால் அவர்களுக்குப் புரிந்துவிடும் என்று நம்பினாள். அவளை என்னவென்று சொல்வது?

கூடம் நிறைந்திருந்தது. மேடையில் ஒரு நீள மேசை, அதன் கோடியில் கிளேட்டன், ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான். முடி நரைத்திருந்தது. இடது கால்சட்டையைச் சுருட்டி ஒரு பெரிய ஊக்கால் குத்தியிருந்தான். ஒவீட்டா அவன் முகத்தைப் பார்த்ததைவிட அந்த ஊக்கைத்தான் அதிகம் பார்த்தாள். மேடைக்குக் கீழே அவளுக்கு ஒரு நாற்காலி. பக்கத்தில் கேட்காமலே இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு நான் உட்கார்ந்தேன்.

ஃபிஸ்க் ஒரு நீளக் குச்சியால் சுவரிலிருந்த படத்தைத் தட்டினார். "மேடம், இது நீங்கதானே?"

"ஆமா. அப்ப கொஞ்சம் ஒல்லி."

"கையில இருக்கறது என்ன?"

"இதுதான்" என்று மணிக்கட்டை நீட்டினாள்.

ஃபிஸ்க் அதைக் கழற்றி வாங்கிக் காதருகே ஆட்டிப் பார்த்தார். "இதை எந்தக் கடையிலயும் வாங்கலாமே?"

"கடையிலதாங்க வாங்கினேன்."

"உள்ள என்ன இருக்கு?"

"மரத்தூளு."

"நிச்சயமா?" என்று அழுத்திப் பார்த்தார். ஒரு குண்டூசி ஏறிவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டார். "உங்க வீட்டுக்காரர் அடுத்த ஜனவரியில மேஸ்திரி ஆனார். ஏன்?"

"முந்தின மேஸ்திரி செத்துட்டாருங்க."

கூடத்தில் ஒரு முனகல் ஓடியது. "எப்படிச் செத்தார்?"

"கெளுத்தி மீன் முள்ளு. தொண்டையில சிக்கிருச்சு."

நூறு பேனாக்கள் அதைக் குறித்துக்கொண்டன. அந்த மீனை இன்றைக்கும் ஒருத்தன் தேடிக்கொண்டிருப்பான் என்று நினைக்கிறேன்.

"கடைசியா ஒண்ணு" என்றார் ஃபிஸ்க். குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கையை யாருக்குக் காட்டினீங்க?"

ஒவீட்டா மகனைப் பார்த்தாள். அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சும்மாதான்" என்றாள்.

"கேட்டீங்களா எல்லாரும்?" என்று ஃபிஸ்க் கூடத்தின் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார். அந்தப் புன்னகைதான். அதைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எழுந்தேன். ஒவீட்டா என் முழங்கையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினாள். வலி உயிர் போனது. நான் நிறுத்தவில்லை.

"யோவ் பல் டாக்டரே! அவ கை காட்டினது அந்தா உக்காந்திருக்கானே, அவனுக்கு! ரோட்டுல காலை வெச்சான். வண்டியில அடிபட்டுச் சாவப் போறானேன்னு பெத்தவ கையைக் காட்டினா. நான் பக்கத்துல நின்னேன். உங்க படத்துல இருக்கற அந்த முழங்கை என்னுது!"

நூறு தலைகள் கிளேட்டன் பக்கம் திரும்பின. ஃபிஸ்கின் கண்கள் பளபளத்தன. புதுச் சொத்தை கிடைத்துவிட்டதே. "அப்படின்னா" என்று மெதுவாகச் சொன்னார், "சிக்னலை வாங்கிக்கிட்டவர் ஒருத்தர் இருந்திருக்கார்."

கிளேட்டனுக்குப் பக்கத்து நாற்காலிக்காரன், பத்து வருஷமாக அவன் தோளில் கை போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டவன், நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

"பாத்தியாடி" என்றாள் ஒவீட்டா. "இதுக்குத்தான்டி சொன்னேன்."

கிளேட்டன் முகம் வெளுத்துவிட்டது. "பொய் சொல்லாதீங்க, சித்தி. அவ்வளவு கூட்டத்துல நான் நிக்கறது அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கே ஒண்ணும் தெரியல. அந்தத் தொப்பி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். மேடையில் அவன் எத்தனையோ தடவை பேசியிருக்கிறான். தொப்பியைப் பற்றி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"காது வரைக்கும் இறங்கியிருந்துச்சு" என்றாள் ஒவீட்டா. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

அவன் அவளையே பார்த்தான்.

"அந்தச் செருப்புத் தடம் ஆவிக்குப் போகவே மாட்டேன்னு உக்காந்திருந்துச்சு. வினிகர் போட்டுத்தான் எடுத்தேன்."

"அப்பா பாக்கவே இல்லைன்னு நினைச்சேன்" என்றான். "தானா சரியாயிருச்சுன்னு நினைச்சேன்."

"தொப்பி தானா சரியாகுமாடா?"

அவன் கையால் முகத்தை மூடிக்கொண்டான். நாற்பது வயசு தாண்டியவன், தோள் குலுங்கியது. ஃபிஸ்க் பொறுக்கவில்லை. குச்சியை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "மிஸ்டர் ஸ்ட்ரவுட், ஒரே கேள்வி. அந்தச் சிக்னல் உங்களுக்குத்தான் வந்ததுன்னு இந்தச் சபையில ஒத்துக்கறீங்களா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அவனுக்கு அந்த மேடை மிஞ்சியிருக்கும். கை தட்டல் மிஞ்சியிருக்கும். அவன் ஊன்றுகோல்களை எடுத்து எழுந்து நின்றான்.

"ஆமாய்யா. எனக்குத்தான். எங்க அம்மா எனக்குக் காட்டினா. எழுதிக்கோ."

படியில் இறங்கும்போது ஒருத்தனும் கை கொடுக்கவில்லை. நான்தான் பிடித்தேன். வெளியே போகும் வழியில் திரும்பி ஃபிஸ்கின் கையிலிருந்த குண்டூசிப் பஞ்சைப் பிடுங்கிக்கொண்டேன். அது சாட்சிப் பொருள் என்றார். உங்கள் வாயில் திணித்தால் நல்ல சாட்சியாக இருக்கும் என்றேன்.

ஹோட்டலுக்கு எதிரில் ஒரு சாப்பாட்டுக் கடை. கெளுத்தி மீன் வறுவலும் சோள ரொட்டியும் கேட்டுவிட்டு உட்கார்ந்தோம். ஒவீட்டா குண்டூசிப் பஞ்சை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, பையிலிருந்து நூலை எடுத்தாள்.

"காலை நீட்டு."

"இங்கயாம்மா? எல்லாரும் பாக்கறாங்க."

"நீட்டுன்னேன். ஊக்கு குத்தியிருக்கான் பாரு, கோணிப்பைக்குக் குத்தற மாதிரி."

அவன் அந்தக் காலைத் தூக்கி அவள் மடியில் வைத்தான். அவள் ஊக்கைக் கழற்றி என் பக்கம் எறிந்துவிட்டு, மடித்து, குண்டூசி குத்தி, தைக்க ஆரம்பித்தாள். கண்ணாடி போடாமல்தான் தைத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றதில் கண்ணாடியால் பயன் இருந்திருக்காது. மீன் ஆறிப்போனது. அப்போது ஜன்னலுக்கு வெளியே பளிச்சென்று ஒரு வெளிச்சம். ஃபிஸ்கின் ஆள் கேமராவோடு ஓடினான்.

அந்தப் படம் அடுத்த பதிப்பில் வந்தது. நடுப்பக்கம் முழுக்க. ஒவீட்டா குனிந்திருக்கிறாள், மணிக்கட்டில் அந்த உருண்டை. கிளேட்டன் காலை நீட்டிக்கொண்டு அவள் தலையைப் பார்க்கிறான். அம்மாவுக்கு ஒரு அம்பு, மகனுக்கு ஒரு அம்பு. அடியில், 'மணிக்கட்டு ரேடியோக்காரி தன் ஆளின் முழங்காலில் கருவி பொருத்துகிறாள்' என்று எழுதியிருக்கிறது. ஓரத்தில் மேசை விரிப்பின் மேல் என் முழங்கை இருக்கிறது. இந்த முறையும் அம்பு இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கிளேட்டன் கார்லண்ட் அறையைக் காலி செய்துவிட்டான். அதிபர் இருந்திருந்தால் போர் நின்றிருக்கும் என்று இன்னும் சொல்கிறான். சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தை அவனே புத்தகத்திலிருந்து கிழித்துக் கொண்டுவந்து, கொலைக்குக் கூலியாக வாங்கியதாகச் சொன்னார்களே, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் அதே ஃப்ரிட்ஜின் கதவில் ஒட்டியிருக்கிறான். அசிங்கமாக இருக்கிறது, அம்பை மட்டும் வெட்டிவிடுகிறேன் என்று ஒவீட்டா கத்தரிக்கோலை எடுத்தாள்.

"இருக்கட்டும்மா" என்றான். "ரெண்டு பேருக்கும் இருக்குல்ல."